“சார், இது உண்மையா?” – இணையத் தகவல்கள் பற்றி நூலகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். செய்தித்தாள் படிக்க வருபவர்கள் போனை நீட்டி “இதைக் கொஞ்சம் பாருங்க, உண்மைதானா?” என்று கேட்பது இப்போது அன்றாட வழக்கம். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் அவையேதான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

நெட்டில் வருவதில் எதைத்தான் நம்புவது? எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்க முடியுமா?

முடியாது, தேவையும் இல்லை. ரசப்பொடிக்கு மல்லி அளவை ஒருவர் தவறாக எழுதியிருந்தால் ஒரு நாள் ரசம் கெடும், அவ்வளவுதான். கட்டாயம் சோதிக்க வேண்டியவை மூன்று: உங்கள் பணத்தைத் தொடுவது, உடம்பைத் தொடுவது, வேறொரு மனிதர் மீது கோபத்தையோ பயத்தையோ கிளப்புவது. இவற்றில் ஒன்று இருந்தால் அடுத்தவருக்கு அனுப்பும் முன் நில்லுங்கள்.

“உண்மை”, “பொய்” என்ற இரண்டு பதில்களோடு “இன்னும் தெரியவில்லை” என்பதும் ஒரு பதில்தான். அதைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று வைத்திருப்பவரால் யாருக்கும் கெடுதல் வருவதில்லை.

வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தால் முதலில் எதைப் பார்க்கணும்?

யார் சொன்னது, எப்போது, எந்த ஊரில். இந்த மூன்றும் செய்திக்குள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். “நேற்று ஒரு பிரபல மருத்துவர் சொன்னார்” என்றால் எந்த நேற்று, எந்த மருத்துவர்? தேதி இல்லாத செய்தி ஐந்து வருடம் கழித்தும் “நேற்று” என்றே சுற்றிக்கொண்டிருக்கும்.

அப்புறம் மேலே உள்ள அம்புக்குறி. ஒற்றை அம்பு இருந்தால் அனுப்பியவர் அதை எழுதவில்லை, வேறு எங்கிருந்தோ எடுத்து அனுப்பியிருக்கிறார். இரட்டை அம்பு இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. கை மாறியதால் மட்டுமே ஒன்று பொய்யாகிவிடாது. ஆனால் அதை எழுதியவரை உங்களுக்கு அனுப்பியவருக்கும் தெரியாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் பார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸப் கட்டுப்பாடு வைத்தது. 2020இல் இரட்டை அம்புச் செய்திகளை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் என்று குறைத்தது. ஏன் வைத்தார்கள் என்பதைப் படங்கள், வீடியோக்கள் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எனக்கு அனுப்பினவர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அவர் பொய் சொல்வாரா சார்?

சொல்ல மாட்டார். ஆனால் செய்தியைச் சொன்னது அவர் இல்லையே. அவருக்கு அவருடைய மருமகன் அனுப்பியிருப்பார், மருமகனுக்கு அலுவலக நண்பர். நல்ல மனிதரின் கை வழியாக வந்ததால் செய்திக்கு அவருடைய மரியாதை ஒட்டிக்கொள்கிறது. “ஐயா, உங்களுக்கு இது எங்கிருந்து வந்தது?” என்று கேளுங்கள். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அந்தக் கேள்வியை இரண்டு பேரிடம் தொடர்ந்தாலே பெரும்பாலும் பாதை அறுந்துவிடும்.

நாசாவே சொல்லிடுச்சுன்னு போட்டிருக்கே?

நாசா, யுனெஸ்கோ, உலக சுகாதார நிறுவனம் என்ற பெயர்கள் வந்தாலே கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக ஒரு செய்தி பல வருடங்களாகச் சுற்றுகிறது. யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை. இந்த நிறுவனங்கள் பேசினால் அவற்றின் தளத்திலேயே அறிக்கை இருக்கும். அங்கே இல்லை என்றால் அவை சொல்லவில்லை.

திருநள்ளாறு செய்தியை எடுத்துக்கொள்வோம். கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன, நாசா அசந்துபோனது என்பார்கள். தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோள் விநாடிக்குச் சுமார் ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கீழே விழாமல் அதைத் தாங்கிப் பிடிப்பதே அந்த வேகம்தான். நின்றால் விழுந்துவிடும். பூமியிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும் செயற்கைக்கோள்களும் உண்டு. அவை நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. திருநள்ளாறு நிலநடுக்கோட்டில் இல்லை. சனீஸ்வரரை வணங்கப் போகிறவர்களுக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு?

அப்போ கோயில்களைப் பத்தி வர்றது எல்லாமே பொய்யா? சிதம்பரமும் காளஹஸ்தியும் ஒரே நேர்கோட்டில் இருக்குன்னு சொல்றாங்களே?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நன்றி, ஏனென்றால் இது உண்மை. காளஹஸ்தி, காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர், சிதம்பரம் மூன்றும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. நூலகக் கணினியிலேயே பார்த்தோம். கூகுள் மேப்பில் கோயிலின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் (போனில் என்றால் அழுத்திப் பிடித்தால்) இரண்டு எண்கள் வரும். அதில் இரண்டாவது எண் மூன்று கோயில்களுக்கும் 79.69க்கும் 79.70க்கும் நடுவில் நிற்கிறது. ஆந்திராவின் காளஹஸ்திக்கும் சிதம்பரத்துக்கும் இடையே இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். அத்தனை தூரத்தில் கிழக்கு மேற்காக ஒரு கிலோமீட்டர்கூட விலகல் இல்லை. வியக்க வேண்டிய விஷயம்தான். ஏன் அப்படி அமைந்தது, திட்டமிட்டதா, தற்செயலா என்பது தனி ஆராய்ச்சி. மேப் அதைச் சொல்லாது.

அதே செய்தியின் அடுத்த வரி “நடராஜரின் கால் விரல் இருக்கும் இடம்தான் உலகக் காந்தப்புலத்தின் மையப்புள்ளி, காந்த நடுக்கோடு அங்கேதான்” என்கிறது. இது தவறு. காந்த நடுக்கோடு என்பது, காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைத்து உலகைச் சுற்றி ஓடும் ஒரு கோடு, அதற்கு மையப்புள்ளி கிடையாது. காலப்போக்கில் அது இடம் மாறவும் செய்யும். இந்தியாவில் அது தென்கோடியில்தான் கடக்கிறது. 1963இல் திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பாவை ராக்கெட் ஏவ அதனால்தான் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அதனால்தான். சிதம்பரத்திலிருந்து திருநெல்வேலி முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

இப்படிப்பட்ட செய்திகள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. முதல் வரியைச் சோதித்து அது சரி என்று கண்டவர், அடுத்த ஐந்து வரிகளையும் அதே நம்பிக்கையில் விழுங்கிவிடுகிறார். ஒரு செய்தியில் எத்தனை கூற்றுகள் இருக்கின்றனவோ அத்தனையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

படத்தோட வந்திருக்கு, வீடியோவே இருக்கு. கண்ணால் பார்த்ததுக்கு அப்புறமும் சந்தேகமா?

படம் உண்மையாக இருக்கும். அதோடு ஒட்டியிருக்கும் கதை வேறாக இருக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, உயர்ந்து வரும் அலையைப் பார்த்து மக்கள் ஓடும் படங்கள் மின்னஞ்சலில் உலகமெங்கும் போயின. அவற்றில் சில சீனாவின் சியான்டாங் ஆற்றில் வரும் ஓதப்பேரலையின் (கடல் ஏற்றத்தின்போது ஆற்றுக்குள் புகுந்து வரும் அலை) படங்கள், 2002இல் எடுத்தவை.

2018இல் பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் வீடியோ இந்தியா முழுக்கப் பரவியது. அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அவர்களே குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு, விழிப்போடு இருங்கள் என்ற அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய வதந்தி வட மாவட்டங்களில் கொதித்துக்கொண்டிருந்தபோது, குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி உறவினர்களோடு போன சென்னையைச் சேர்ந்த ஒரு முதிய பெண்மணி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதற்காக ஊர் கூடி அவரை அடித்தே கொன்றது. அடித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நம்பினார்கள். பார்வர்டுக்கு எல்லை வைத்தது இப்படி நாடு முழுவதும் நடந்த கொலைகளுக்குப் பிறகுதான்.

படத்தைச் சோதிக்க கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே படம் இதற்கு முன் எங்கெங்கே வந்திருக்கிறது என்று காட்டும். வீடியோ என்றால் முக்கியமான காட்சியில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதையே தேடலாம். கடைப் பலகையின் மொழி, வண்டி நம்பர் பலகை, போலீஸ் சீருடை ஆகியவற்றையும் பாருங்கள். “நம்ம ஊரில் நேற்று” என்று வந்த வீடியோவில் பலகைகள் உருதுவிலோ வங்காளத்திலோ இருந்தால் அதுவே போதும்.

டிவியிலேயே காட்டினாங்களே?

டிவிக்கும் வாட்ஸப் போகிறது. 2016 நவம்பரில் புதிய 2000 ரூபாய் நோட்டில் அதன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் நானோ ஜிபிஎஸ் சிப் இருக்கிறது என்று சில சேனல்களிலும் சொன்னார்கள். நோட்டின் பாதுகாப்பு அம்சங்கள் என்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. மேலும் ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையைப் பெற மட்டுமே செய்யும். தன் இருப்பிடத்தை வேறொருவருக்கு அனுப்ப மின்சாரமும் அனுப்பும் கருவியும் வேண்டும்.

சேனல் லோகோவோட நியூஸ் கார்டு வந்தால் நம்பலாமா?

லோகோவை எடுத்து ஒட்ட இரண்டு நிமிடம் போதும். தேர்தல் நேரத்தில் தலைவர்கள் சொல்லாததைச் சொன்னதாக இப்படிக் கார்டுகள் குவிகின்றன. கார்டில் தேதி இருந்தால் அந்தச் சேனலின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் அந்த நாளுக்குப் போய்த் தேடுங்கள். அங்கே அதே கார்டு இல்லையென்றால் நம்பாதீர்கள். எழுத்துருவும் வழக்கமாக வருவதிலிருந்து மாறியிருக்கும்.

மழை லீவு, புயல் செய்தி இதெல்லாம் எங்கே பார்ப்பது?

பள்ளிக்கு விடுமுறை விடுவது மாவட்ட ஆட்சியர். அவருடைய பக்கத்திலோ மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தின் அறிவிப்பிலோ பாருங்கள். போன வருட அறிவிப்பையே திரும்ப அனுப்புவார்கள், தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று கவனியுங்கள். வானிலைக்கு நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையம். சிவப்பு எச்சரிக்கை என்பது மிகக் கடுமையான மழைக்கு வாய்ப்பு இருக்கிறது, உடனே நடவடிக்கை எடுங்கள் என்று நிர்வாகத்துக்கும் மக்களுக்கும் சொல்வது. உங்கள் தெருவில் கட்டாயம் அத்தனை மழை பெய்யும் என்ற வாக்குறுதி இல்லை.

பேரிடர் நேரத்தில் வதந்தி வேகமாகப் போவதற்குக் காரணம் பயம்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று பரவியது. பண்ணை நிர்வாகம் மறுத்தது, ஒன்றும் தப்பவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நடக்க வேண்டியிருந்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கூகுளில் முதல்ல வர்றதுதானே சரியானது?

முதலில் வருவது பல சமயம் பணம் கொடுத்துப் போட்ட விளம்பரம். “ஸ்பான்சர்டு” என்று சிறிய எழுத்தில் இருக்கும். குறிப்பாக வங்கி, கேஸ், கூரியர் ஆகியவற்றின் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். போலி எண்கள் ஏராளம். பாஸ்புக்கிலோ கார்டின் பின்புறத்திலோ பில்லிலோ இருக்கும் எண்ணுக்கு அழையுங்கள்.

தளத்தின் முகவரியை வலது பக்கத்திலிருந்து படியுங்கள். அரசுத் தளங்கள் பெரும்பாலும் “ஜிஓவி டாட் இன்” என்று முடியும். வங்கித் தளங்கள் “பேங்க் டாட் இன்” என்ற முடிவுக்கு மாற ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31 வரை கெடு கொடுத்தது. பெயர் நடுவில் எங்கேயோ வந்து, முடிவு வேறு ஏதோவாக இருந்தால் மூடிவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

விக்கிப்பீடியாவை யார் வேணும்னாலும் மாத்தலாமாமே?

மாற்றலாம். யார் எப்போது எதை மாற்றினார் என்பதும் “வரலாறு” என்ற இடத்தில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். வரிக்கு மேலே சிறிய எண் இருந்தால் அதை அழுத்தி அது எந்த நூலுக்கோ செய்திக்கோ கொண்டுபோகிறது என்று பாருங்கள். எண் இல்லாத வரியை எடுத்துக் கட்டுரையில் எழுத வேண்டாம் என்று பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்வேன்.

புற்றுநோய்க்கு இலவச மருந்துன்னு வந்திருக்கு. நல்ல விஷயம்தானே, பகிர்ந்தால் என்ன தப்பு?

நல்ல மனதோடு பகிரப்படும் செய்திதான் அதிக காலம் உயிரோடு இருக்கிறது. “இமிடினெஃப் மெர்சிலெட் என்ற மருந்து ரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்தும், அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் இலவசமாகக் கிடைக்கும்” என்ற செய்தி மின்னஞ்சல் காலத்திலிருந்தே சுற்றுகிறது. அப்படி இல்லை என்று அந்த நிறுவனமே மறுத்திருக்கிறது. இதிலும் சிதம்பரம் செய்தியைப் போல ஒரு துளி உண்மை உண்டு. இமாட்டினிப் மெசிலேட் என்று ஒரு மருந்து இருக்கிறது. ரத்தப் புற்றுநோயில் ஒரு குறிப்பிட்ட வகைக்கு அது பெரிய முன்னேற்றம். எல்லா வகைக்கும் அது மருந்தில்லை.

அந்த வரியை நம்பி, நோயாளியை அழைத்துக்கொண்டு வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் பஸ் ஏறினால் போகிற காசு, போகிற நாட்கள், கடைசியில் வரும் ஏமாற்றம் எல்லாம் யார் கணக்கில்? மருந்துச் செய்தி வந்தால் பகிர்வதற்கு முன் மருத்துவமனையின் எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள்.

யூடியூப்பில் டாக்டரே சொல்றார், பத்து லட்சம் பேர் பார்த்திருக்காங்க?

பார்த்தவர்களின் எண்ணிக்கை, வீடியோ எத்தனை பேருக்குப் பிடித்தது என்று மட்டும் சொல்லும். அவர் எந்தத் துறை மருத்துவர், கடைசியில் தன் சொந்தப் பொடியையோ எண்ணெயையோ விற்கிறாரா, “உங்கள் மாத்திரையை நிறுத்துங்கள்” என்கிறாரா என்று கவனியுங்கள். மூன்றாவதைச் சொன்னால் அங்கேயே வீடியோவை நிறுத்துங்கள்.

சாட்ஜிபிடியிடம் கேட்டுட்டேன், அது உண்மைன்னு சொல்லுது. போதுமா?

போதாது. அது தவறாகச் சொல்லும்போதும் தடுமாறாது, அதே சரளத்தோடுதான் சொல்லும். ஒரு பொருளுக்குக் குறள் கேட்டால் இரண்டு அடி அழகாகத் தரும், சில நேரம் அப்படி ஒரு குறளே இருக்காது. நல்லவேளையாகக் குறளுக்கு எண் உண்டு: 133 அதிகாரம், 1330 குறள். எண்ணைக் கேட்டு, புத்தகத்தைத் திறந்து பாருங்கள். மற்ற விஷயங்களிலும் இதே வழிதான். எங்கே போய்ப் பார்க்கலாம் என்று கேட்க அதைப் பயன்படுத்துங்கள், போய்ப் பார்ப்பதை நீங்கள் செய்யுங்கள்.

ஏஐ வீடியோவைக் கண்டுபிடிக்க என்ன அடையாளம்?

விரல் கணக்கு, உதட்டசைவு என்று முன்பு சொல்வார்கள். அவை வேகமாகச் சரியாகிக்கொண்டிருக்கின்றன, நம்பி இருக்காதீர்கள். 2018இல் மறைந்த கலைஞர் கருணாநிதி 2024 ஜனவரியில் ஒரு விழாத் திரையில் தோன்றிப் பேசினார். ஏஐ என்று சொல்லியே போட்டார்கள். அதில் அரை நிமிடத்தை வெட்டி அந்த அறிவிப்பில்லாமல் சுற்றவிட்டால் என்ன ஆகும்? எனவே முதலில் சொன்ன அதே மூன்று கேள்விகள்: யார் வெளியிட்டார், எப்போது, எங்கே. முழு உரை எங்காவது இருக்கிறதா?

மகன் குரலிலேயே “அம்மா, அவசரமாகப் பணம் வேணும்” என்று புது எண்ணிலிருந்து போன் வந்தால் வைத்துவிட்டு, அவருடைய பழைய எண்ணுக்கு நீங்கள் அழையுங்கள்.

ஃபேக்ட் செக் பண்றவங்களே கட்சிக்காரங்கதான்னு சொல்றாங்களே?

நியாயமான சந்தேகம். தமிழில் யூடர்ன் போன்ற தளங்கள் இருக்கின்றன. மத்திய அரசுக்குப் பிஐபி (பத்திரிகைத் தகவல் அலுவலகம்), தமிழ்நாடு அரசுக்குத் தகவல் சரிபார்ப்பகம். யாராக இருந்தாலும் ஆதாரத்தைக் காட்டுகிறாரா, அதே வழியில் போனால் உங்களுக்கும் அதே முடிவு கிடைக்கிறதா என்று பாருங்கள். “பொய்” என்று சிவப்பு முத்திரை மட்டும் குத்தியிருந்தால் அது இன்னொரு பார்வர்டுதான்.

அரசு தன்னைப் பற்றிய செய்தியைத் தானே மறுக்கும்போது அதை ஒரு தரப்பின் விளக்கமாக எடுத்துக்கொண்டு, இன்னொரு இடத்திலும் பாருங்கள். அரசு தொடர்பான செய்திகளில் எது பொய் என்று மத்திய அரசின் அமைப்பே முடிவு செய்ய இடம் கொடுத்த 2023ஆம் ஆண்டு விதித்திருத்தத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. ஆனால் அரசு மறுப்பு அவசரமாகத் தேவைப்படும் நேரமும் உண்டு. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று காவல்துறைத் தலைவர் விளக்கினார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரித்தது. இரண்டு மாநிலமும் தனித்தனியாகப் பார்த்ததால்தான் அந்த விளக்கத்துக்கு எடை கூடியது.

நல்ல பத்திரிகைகளே ரெண்டு எண் சொல்லுதே, எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். மழை அளவை வானிலை மையம் காலை எட்டரை மணி முதல் மறுநாள் எட்டரை மணி வரை கணக்கிடுகிறது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. அதே வெள்ளத்துக்கு ஒருவர் மாவட்டச் சராசரியை எழுதுவார், ஒருவர் இரண்டு நாள் மொத்தத்தை எழுதுவார். எந்த இடம், எவ்வளவு நேரம் என்று பார்த்தால் முரண்பாடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். விபத்து, பேரிடரின் முதல் நாள் எண்கள் எப்படியும் மாறும். இரண்டு நாள் பொறுங்கள்.

குடும்ப குரூப்பில் பெரியப்பா தினமும் இப்படித்தான் போடுறார். எப்படிச் சொல்றது?

குரூப்பில் சொல்லாதீர்கள், எல்லோர் முன்னாலும் அவரைத் தோற்கடித்தது போலாகும். தனியாகப் போன் செய்து, “பெரியப்பா, நீங்க அனுப்பினதைப் பார்த்தேன், இதுல இப்படிப் போட்டிருக்கே, நீங்களும் பாருங்களேன்” என்று சரியான இணைப்பை அனுப்புங்கள். அவரே குரூப்பில் திருத்தம் போட்டால் அதற்குத் தனி மதிப்பு. பணம், உடம்பு, பகை சம்பந்தப்படாத செய்தி என்றால் விட்டுவிடலாம். எல்லாவற்றையும் திருத்தப் போனால் முக்கியமானதைச் சொல்லும்போது கேட்க மாட்டார்.

தெரியாமல் ஒரு பொய்ச் செய்தியைப் பகிர்ந்துட்டேன். இப்போ என்ன செய்றது?

அனுப்பிச் சுமார் இரண்டு நாளுக்குள் என்றால் “எல்லோருக்கும் நீக்கு” வேலை செய்யும். ஆனால் நீக்குவது மட்டும் போதாது, படித்தவர் மனதில் செய்தி இருக்கும். அதே குரூப்பில், “காலையில் நான் அனுப்பிய பிள்ளை பிடிப்பவர் வீடியோ கராச்சியில் எடுத்தது, நம்ம ஊரில் நடந்ததில்லை” என்று எந்தச் செய்தி என்பது தெளிவாகத் தெரியும்படி ஒரு வரி போடுங்கள். பொய்ச் செய்தியைத் திரும்ப ஒட்டாதீர்கள், அதைமட்டும் எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

பகையையும் பீதியையும் கிளப்பும் பொய்ச் செய்தியைப் பரப்புவது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆம் பிரிவின் கீழ் குற்றம். “பார்வர்ட்தான் செய்தேன்” என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று இருக்காதீர்கள். உங்களிடமிருந்து வாங்கி வேறு குரூப்புக்கு அனுப்பியவர் யாரென்று தெரிந்தால், திருத்தத்தை அவருக்கும் தனியாக அனுப்புங்கள்.